மார்பகத் தொய்வும் அறுவைச் சிகிச்சையும்



சில கவலைகளைப் பெண்கள் தாயிடம் சொல்வார்கள். தாய் அருகில் இல்லையெனில் தமக்கையிடம் சொல்வார்கள். இருவருமே ஆயிரம் கல்லுக்கு அப்பால் இருந்துவிட்டால், எவரிடமும் சொல்லாமல் மனத்துக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்வார்கள். தமிழகத்தை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில் இவ்வாறு பூட்டி வைக்கப்படும் செய்திகள் பல. அவற்றுள் ஒன்றைக் குறித்து இன்று நாம் சற்று வெளிப்படையாகப் பேச எண்ணுகிறோம்.

குழந்தை பெற்ற பின்னரும், உடல் எடை வெகுவாகக் குறைந்த பின்னரும், வயது ஏறும்போதும் பெண்களின் மார்பகம் தளர்ந்து தொய்வது இயல்பு. அதனை உயர்த்தி அமைக்கும் அறுவைச் சிகிச்சை தில்லி, மும்பை, பெங்களூரு, ஐதராபாத், கொல்கத்தா முதலிய நகரங்களில் இன்று செய்யப்படுகிறது. அதனைப் பற்றிய விளம்பரங்களும் நம் கண்ணில் படுகின்றன. விளம்பரம் பயனைச் சொல்லுமேயன்றித் தழும்பைச் சொல்லாது. இச்சிகிச்சையைச் செய்துகொள்ளுங்கள் என்று தூண்டுவதும், கூடாது என்று தடுப்பதும் நம் வேலையன்று. செய்துகொள்ள நினைப்பவர் எதனை எதிர்பார்க்கலாம், எதனை எதிர்பார்த்தல் ஆகாது என்பதைத் தெளிவாக்குவதே நம் நோக்கம். ஆடவரும் இதனைக் கேட்டல் நன்று. முடிவு மனைவியுடையதே, ஆயினும் சிகிச்சைக்குப் பின்னர்ச் சில வாரங்கள் வீட்டுச் சுமையைத் தாங்க வேண்டியவர் கணவர் அல்லரோ?

முதலில், மார்பகம் ஏன் தொய்கிறது என்று பார்ப்போம். அதற்குள் எலும்பு இல்லை; அதனைத் தூக்கி நிறுத்தும் தசையும் இல்லை. பால் சுரப்பிகளும் கொழுப்பும் நிறைந்த அவ்வுறுப்பைத் தாங்குவன, மேலே போர்த்திய தோலும், உள்ளே ஊடுருவிச் செல்லும் மெல்லிய நார்களுமேயாம். ஆஸ்ட்லி கூப்பர் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1840-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இந்நார்களை விளக்கினார். இன்றும் அவை அவர் பெயராலேயே வழங்குகின்றன. கருவுற்ற காலத்தில் மார்பகம் பெருக்கிறது, பின்னர்ச் சிறுக்கிறது. உள்ளிருக்கும் பொருள் குறைந்தாலும், விரிந்த தோல் முன்போல் முழுவதும் சுருங்குவதில்லை. நிரம்பியிருந்த பை பாதி காலியானால் எவ்வாறு தொங்குமோ, அதனைப் போன்றதே இதுவும். ஆகவே, எண்ணெய் தேய்ப்பதாலும் களிம்பு பூசுவதாலும் இது மாறாது. உடற்பயிற்சி உடலுக்கு நலம் தரும். மார்பகத்தின் பின்னாலுள்ள தசையை வலுப்படுத்தும். ஆனால் நெகிழ்ந்த தோலைச் சுருக்காது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் களைதல் வேண்டும். தாய்ப்பால் கொடுத்தால் மார்பகத்தின் வடிவம் குலையும் என்று அஞ்சுவோர் உண்டு. அமெரிக்காவின் கெண்டக்கிப் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதனை ஆராய்ந்தது. வயது, உடற்பருமன், எத்தனை முறை கருவுற்றார் என்பது, மார்பகத்தின் பருமன், புகைபிடித்தல் ஆகியவையே தொய்வோடு தொடர்புடையனவாகக் காணப்பட்டன. பால் கொடுத்தது தனிக் காரணமாகக் காணப்படவில்லை. ஆதலின், வடிவத்தைக் காக்க எண்ணி எந்தத் தாயும் பச்சைக் குழந்தையின் பாலை நிறுத்த வேண்டுவதில்லை.

இரு பக்கமும் மெல்ல மெல்ல நிகழும் தொய்வு நோயன்று. ஆனால் நோயைத் தொய்வென்று மயங்கிவிடுதலும் கூடாது. ஒரு பக்கம் மட்டும் அண்மையில் வடிவம் மாறுதல், கட்டியொன்று கையில் தட்டுப்படுதல், தோல் குழிந்து ஆரஞ்சுப் பழத்தோல் போலாதல், காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொள்ளுதல், அதிலிருந்து இரத்தம் கசிதல் ஆகிய இவற்றுள் எது தோன்றினாலும், அழகுச் சிகிச்சையை மறந்துவிட்டு, அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். அவை புற்றுநோயின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். சொல்லக் கூசி நாட்களைக் கடத்துவதே இந்நோயில் பெருங்கேட்டை விளைக்கிறது. இன்றைய பேச்சில் வேறெதனை மறந்தாலும் இதனை மறவாதிருக்க வேண்டுகிறோம்.

இனிச் சிகிச்சையைப் பார்ப்போம். இதனைச் செய்வோர் பிளாஸ்டிக் சர்ஜரி பயின்ற மருத்துவர்கள். பெயரைக் கேட்டு, உடலுக்குள் பிளாஸ்டிக்கை வைத்துத் தைப்பார்கள் என்று அஞ்சுவோர் உள்ளனர். உருவமைத்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழியாக வந்த பெயர் அது. உருவமைக்கும் இக்கலை நம் நாட்டுக்குப் புதியதன்று. மூக்கு அறுபட்ட வண்டிக்காரர் ஒருவருக்கு நெற்றித் தோலைக் கொண்டே புதிய மூக்கு அமைத்த பூனா நகரத்துச் செய்தியை, 1794-ஆம் ஆண்டில் இலண்டன் இதழொன்று படத்துடன் வெளியிட்டது. அச்சிகிச்சையில் நெற்றித் தோலை முழுவதும் வெட்டி எடுத்துவிடவில்லை. ஒரு காம்பு போன்ற பகுதியை இணைப்பாக விட்டு, அதன் வழியே இரத்தம் பாயும்படி செய்து, தோலைக் கீழே திருப்பினார்கள். மார்பகத்தை உயர்த்தும் சிகிச்சையிலும் அதே நெறிதான் கையாளப்படுகிறது. முலைக்காம்பும் அதனைச் சுற்றியுள்ள கருவட்டமும் உள்ளிருக்கும் திசுவோடு இணைந்தபடியே மேலே நகர்த்தப்படுகின்றன. மிகுதியான தோல் அகற்றப்படுகிறது. உள்ளிருக்கும் திசு திரட்டி உயர்த்தப்பட்டு, எஞ்சிய தோல் அதன்மேல் இழுத்துத் தைக்கப்படுகிறது.

தொய்வின் அளவை மருத்துவர் எவ்வாறு கணிக்கிறார்? மார்பகத்தின் அடியில், அது மார்புச் சுவரோடு சேரும் இடத்தில் ஒரு மடிப்பு உண்டு. காம்பு அம்மடிப்பின் மட்டத்தில் இருந்தால் தொய்வு சிறிது; மடிப்புக்குக் கீழே இறங்கியிருந்தால் நடுத்தரம்; மார்பகத்தின் அடிப்புறத்திலேயே நின்று தரையை நோக்கினால் மிகுதி. இதற்கேற்பவே வெட்டும் அமையும். சிறு தொய்வுக்குக் கருவட்டத்தைச் சுற்றி மட்டும் வெட்டுவர். அதற்கு மேற்பட்டால், வட்டத்திலிருந்து கீழ்நோக்கி நேர்கோடாகவும் ஒரு வெட்டு வேண்டியிருக்கும். மிகுந்த தொய்வுக்கு அடி மடிப்பை ஒட்டியும் ஒரு வெட்டு சேரும். அப்போது தழும்பு நங்கூரத்தின் வடிவில் இருக்கும். அமெரிக்க மருத்துவர் ராபர்ட் வைஸ் 1956-ஆம் ஆண்டில் வெளியிட்ட வரைபடம் இம்முறைக்கு அடிப்படையாயிற்று.

இங்கேதான் உண்மையை ஒளிவு மறைவின்றிச் சொல்ல வேண்டியுள்ளது. தழும்பில்லாமல் உயர்த்தும் அறுவை இல்லை. தொய்வைக் கொடுத்துவிட்டுத் தழும்பை வாங்கிக்கொள்ளும் பண்டமாற்றே இச்சிகிச்சை. ஆடைக்குள் தோற்றம் திருந்தும். ஆடையின்றி நோக்கினால் கோடுகள் தெரியும். இப்பண்டமாற்று தமக்கு உகந்ததா என்று ஒவ்வொரு பெண்ணும் தம் மனத்தைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மற்றொன்று: இச்சிகிச்சை மார்பகத்தை உயர்த்துமேயன்றிப் பெரிதாக்காது. முன்னிலும் சற்றுச் சிறிதாகத் தோன்றுவதும் உண்டு. பருமனைக் கூட்ட வேண்டுமெனில் செயற்கைப் பொருளையோ, உடலின் வேறிடத்துக் கொழுப்பையோ சேர்க்க வேண்டியிருக்கும். அதன் நன்மை தீமைகள் வேறு. அவ்வாறே, மிகப் பெரிய மார்பகத்தின் கனத்தால் கழுத்தும் முதுகும் வலித்து, உள்ளாடைப் பட்டை தோளில் பள்ளம் பதித்து, அடி மடிப்பில் வேர்வைப் புண் ஏற்பட்டுத் துன்புறுவோருக்கு வேண்டியது உயர்த்துதல் மட்டுமன்று. கனத்தைக் குறைக்கும் அறுவை. தமக்கு வேண்டியது எது என்பதை முதல் நாளிலேயே தெளிவாக்கிக்கொள்ளுதல் வேண்டும்.

செய்துகொள்ளும் காலத்தையும் ஆராய்ந்தறிய வேண்டும். இனியும் குழந்தை பெறும் எண்ணம் உள்ளவர் பொறுத்திருப்பது நன்று. மறுபடி கருவுற்றால் தோல் மீண்டும் விரியும். சிகிச்சைக்குப் பின்னரும் பலர் பால் கொடுக்கின்றனர். சிலருக்குச் சுரப்புக் குறையக்கூடும். பால் நிறுத்தியவர்கள் சில மாதங்களேனும், கூடுமாயின் ஆறு மாதங்கள், காத்திருத்தல் வேண்டும். உடல் எடையைக் குறைக்க முயல்பவர்கள் குறைத்து, அந்நிலையில் நிலைத்த பின்னரே அறுவையை நாட வேண்டும்.

மருத்துவரிடம் செல்லும்போது எதனையும் மறைத்தல் ஆகாது. நீரிழிவு, இரத்த அழுத்தம், முன்பு காலில் இரத்தம் உறைந்தது, குடும்பத்தில் எவருக்கேனும் மார்பகப் புற்று வந்தது, பழைய காயம் தடித்த தழும்பாக எழும்பியது ஆகிய அனைத்தையும் சொல்லுதல் வேண்டும். நம்மைப் போன்ற மாநிறத்தோருக்கும் கருநிறத்தோருக்கும் தழும்பு தடிப்பது வெள்ளையரைவிடச் சற்று மிகுதி. நாற்பது வயது கடந்தவர்களுக்கு மார்பக எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்ப்பது வழக்கம். புகைபிடிப்பவர்கள் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் குறைந்தது நான்கு வாரங்களேனும் அதனை அறவே விட வேண்டும். புகை நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கிப் புண் ஆறுவதைத் தடுக்கும். ஆஸ்பிரின் போன்ற மருந்துகளையும் நாட்டு மருந்துகளையும் உட்கொள்பவர்கள் அதனைத் தெரிவித்து, எதனை நிறுத்துவது, எதனைத் தொடர்வது என்பதை மருத்துவர் சொற்படி செய்ய வேண்டும். தாமாக நிறுத்துவதும் தவறு.

அறுவை நாளன்று மருத்துவர் நோயாளியை நிற்க வைத்துத் தோலின்மேல் மையால் கோடுகள் வரைவார். படுத்தால் தொய்வின் அளவு தெரியாதாகையால் இவ்வாறு செய்கிறார், கூச வேண்டியதில்லை. உடன் ஒரு செவிலியோ உறவினரோ இருக்க வேண்டுமென்று கேட்பது நோயாளியின் உரிமை. பின்னர் முழு மயக்கம் கொடுத்து, ஏறத்தாழ இரண்டு மூன்று மணி நேரத்தில் அறுவையை முடிப்பர். அன்றே வீடு திரும்புவோரும் உண்டு. ஓரிரவு தங்குவோரும் உண்டு.

அடுத்து வரும் நாட்களே நாம் முன்கூட்டித் திட்டமிட வேண்டியவை. முதற் சில நாட்கள் வலியும் இறுக்கமும் இருக்கும். மாத்திரைகளால் அவை பெரும்பாலும் அடங்கும். வீக்கமும் கன்றிய நிறமும் இரண்டு வாரங்கள் வரை நீடிக்கலாம். தாங்கிப் பிடிக்கும் தனி உள்ளாடையை இரவும் பகலும் அணிய வேண்டும். மல்லாந்தே படுக்க வேண்டும். அமர்ந்து செய்யும் அலுவலுக்கு ஒன்று இரண்டு வாரங்களில் திரும்பலாம். ஆனால் கனமானதைத் தூக்குவதும், கைகளைத் தலைக்கு மேல் ஓங்குவதும், ஓடுவதும் நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை கூடா.

இந்த ஆறு வாரம் என்பது நம் வீடுகளில் என்ன பொருள்படும் என்று எண்ணிப் பாருங்கள். தண்ணீர் நிரம்பிய வாளியைத் தூக்கலாகாது. இட்லி மாவு அரைத்த கிரைண்டரின் கல்லை எடுத்துக் கழுவலாகாது. சமையல் எரிவாயு உருளையை நகர்த்தலாகாது. பரணிலிருந்து பாத்திரம் எடுப்பதும், நெரிசலான மின்சார ரயிலில் மேற்கம்பியைப் பற்றிக்கொண்டு தொங்குவதும் ஆகா. இரண்டு வயதுக் குழந்தை ஓடிவந்து தூக்கச் சொல்லி அழுதாலும், அமர்ந்து மடியில் ஏற்றிக்கொள்ளலாமேயன்றிக் குனிந்து தூக்கலாகாது. சொந்த ஊரில் அத்தையும் சித்தியும் முறை வைத்து வந்து பார்ப்பார்கள். அயல் மாநிலத்தில் யார் வருவார்? ஊரிலிருந்து தாய் வருவாரா, கணவருக்கு விடுமுறை கிட்டுமா, அண்டை வீட்டாரிடம் உதவி கேட்கலாமா என்பதை முடிவு செய்த பின்னரே அறுவைக்கு நாள் குறித்தல் வேண்டும். உதவியில்லாத வீட்டில் நல்ல அறுவையும் கெட்டுப்போகக்கூடும்.

ஓய்வுக்கு ஊர் செல்லலாம் என்று உடனே ரயிலேறுவதும் நன்றன்று. தில்லியிலிருந்து சென்னைக்கு ஒன்றரை நாட்பயணம். அறுவைக்குப் பின் நெடுநேரம் அசையாது அமர்ந்திருந்தால் கால் நரம்புகளில் இரத்தம் உறையக்கூடும். மேல் படுக்கையில் ஏறினால் தையல் இழுபடும். வழியில் தீங்கு நேர்ந்தால் அறுத்த மருத்துவர் அருகில் இருக்கமாட்டார். அவர் விடை கொடுத்த பின்னரே பயணத்தை மேற்கொள்ள வேண்டும்.

நேரக்கூடிய தீங்குகளையும் அறிந்திருத்தல் வேண்டும். காம்பில் உணர்ச்சி குன்றுவது பலருக்கு உண்டு. சில மாதங்களில் பெரும்பாலும் திரும்பிவிடும். சிலருக்குத் திரும்பாமலே போவதும் உண்டு. வெட்டுகள் கூடுமிடத்தில் புண் ஆறத் தாமதமாகலாம். இரு பக்கமும் அணுவளவும் பிசகாது ஒத்திருக்கும் என்று எவரும் உறுதி கூற இயலாது. குருதி தேங்குதல், சீழ் பிடித்தல் ஆகியவையும் நேரலாம். காம்புக்கு இரத்தம் செல்லாது அப்பகுதி கருகிப்போவது அரிது. ஆயினும் புகைபிடிப்பவர்க்கும் நீரிழிவு கட்டுப்படாதவர்க்கும் அந்த அபாயம் மிகுதி. காய்ச்சல், ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வீங்கி இறுகுதல், காம்பு கருநீலமாதல், காலில் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி ஆகிய இவற்றுள் எது தோன்றினும், விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

எல்லாம் நன்றாகவே முடிந்தாலும் பொறுமை வேண்டும். முதல் மாதத்தில் மார்பகம் மிக உயர்ந்தும் இறுகியும் தோன்றும். அது படிந்து தன் வடிவத்தை அடைய மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். சிவந்த தழும்பு மங்க ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். மங்குமே தவிர மறையாது. காலமும் புவியீர்ப்பும் தம் வேலையை நிறுத்துவதில்லை. எடை ஏறி இறங்கினாலும், முதுமை வந்தாலும் மீண்டும் ஓரளவு தொய்வு ஏற்படும். ஆனால் பெரும்பாலும் பழைய அளவுக்குச் செல்வதில்லை.

செலவையும் எண்ண வேண்டுமல்லவா? அழகுக்காக மட்டும் செய்யும் அறுவைக்கு மருத்துவக் காப்பீட்டில் பணம் கிட்டாது என்பது பொது விதி. விபத்து, தீப்புண், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பின் செய்யும் சீரமைப்பும், உடல்நலத்துக்கு இன்றியமையாததென்று மருத்துவர் சான்றளிக்கும் சிகிச்சையும் அதற்கு விலக்கு. எனவே, தமது நிலை எந்த வகையைச் சேர்ந்தது என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் முன்னதாகவே எழுத்தில் கேட்டுப் பெறுக. சொல்லப்படும் தொகையில் மயக்க மருத்துவர் கட்டணம், தங்கும் செலவு, மறு சோதனைகள், மறுபடி தைக்க நேர்ந்தால் ஆகும் செலவு ஆகியவை அடங்குமா என்றும் வினவுக.

குறைந்த விலைக்கு ஆசைப்பட்டு அழகு நிலையங்களில் உடலை ஒப்படைப்பது பேராபத்து. பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். பட்டமோ, அதற்கு நிகரான தேசியத் தேர்வு வாரியப் பட்டமோ பெற்றவரா, மாநில மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று பார்த்தல் வேண்டும். நாம் பேசும் இந்தியோ மராத்தியோ கடைவீதிக்குப் போதும்; அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் கொடுக்கப் போதாது. கேட்க வேண்டியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு செல்லுங்கள். இரு மொழியும் அறிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பொருள் விளங்காத தாளில் கையொப்பம் இடாதீர்கள்.

2018-ஆம் ஆண்டில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகுச் சிகிச்சைகளையும் ஏழைகளுக்கு இலவசமாகச் செய்யத் தமிழக அரசு முன்வந்தபோது, பொதுப் பணத்தை இதற்குச் செலவிடலாமா என்று பலர் வினவினர். அவ்வினா தவறன்று. ஆயினும், தன் உடலைக் கண்டு தானே கூனிக் குறுகும் துயரம் செல்வர் வீட்டுக்கு மட்டும் உரியதன்று என்பதையும் அந்நிகழ்ச்சி எடுத்துக்காட்டிற்று.

இறுதியாக ஒன்று. கணவர் ஏளனம் செய்தாரென்றோ, தோழி செய்துகொண்டாரென்றோ, வாழ்வின் வேறு துன்பம் இதனால் தீருமென்றோ எண்ணி அறுவை மேசைக்குச் செல்ல வேண்டாம். அத்துன்பங்களைக் கத்தி அறுக்காது. தொய்ந்த மார்பகத்தோடு நிறைவாக வாழும் பெண்கள் கோடிக்கணக்கானோர். அவர்களுக்கு எக்குறையும் இல்லை. இவற்றையெல்லாம் அறிந்த பின்னரும், தழும்பை ஏற்றுக்கொண்டு, தமக்காகவே இதனை விரும்பும் பெண்ணை இகழவும் எவருக்கும் உரிமையில்லை.

எம்முடிவாயினும் தனியே எடுக்க வேண்டாம். தாய் தொலைவில் இருந்தாலும் தொலைபேசி அருகில்தானே இருக்கிறது? இன்றிரவே ஒரு முறை பேசிப் பாருங்கள். தாம் மறைத்து வைத்திருந்த அதே கவலையைத் தாயும் பல ஆண்டுகளாக மறைத்து வைத்திருந்தார் என்பது அப்போது தெரிய வந்தாலும் வியப்பில்லை.